இலஞ்சி லாரியின் வலது பக்கம்

"1962, ஆடி, வியாழன். பகல் முழுக்கச் சாரல். இலஞ்சி லாரிக்குச் சிக்னல் விளக்கு நான்கு மாட்டி முடிந்தது. சாயங்காலம் செங்கோட்டை போய்வந்தோம். பின்விளக்கு இரண்டும் எரியவில்லை. பஸ் நின்றது."

என் பழைய நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தினமும் மழை, வெயில், அன்றைய வேலை என்று நாலு வரி எழுதிவைப்பது எனக்கு இளவயதிலிருந்தே வழக்கம். மற்ற நாட்களின் குறிப்புகளைப் படித்தால் அன்று என்ன நடந்தது என்று எனக்கே புரியும். இந்த ஒரு குறிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் எப்போது படித்தாலும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பின்விளக்கு எரியாவிட்டால் பின்னால் வந்த பஸ் நின்றிருக்கக் கூடாது.

ஆவி, பிசாசு, முனி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை, இதைப் படித்துவிட்டு உங்களுக்கும் வரவேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. தென்காசித் தேரடிக்குப் பக்கத்தில் ரேடியோ பழுது பார்ப்பதும் பாட்டரி சார்ஜ் செய்வதுமாக ஒரு கடை வைத்திருந்தேன். கடை சாத்தினால் நூலகம், நூலகம் சாத்தினால் வீடு. ரேடியோ தானாகப் பேசுகிறது என்று பயந்துபோய்க் கொண்டுவந்த ஒரு பெட்டிக்குள்ளிருந்து கரப்பான்பூச்சிக் குடும்பத்தையே வெளியே எடுத்துக் காட்டியிருக்கிறேன். எதற்கும் ஒரு காரணம் உண்டு, தேடினால் கிடைக்கும் என்று இருந்தவன். இதற்கும் தேடினேன். பாதி கிடைத்தது. அந்தப் பாதிதான் மீதியை மோசமாக்கிவிட்டது.

இலஞ்சியில் தென்னந்தோப்பும் தேங்காய் வியாபாரமும் வைத்திருந்த அருணாசலம் முதலாளியிடம் ஒரு லாரி இருந்தது. யுத்தம் முடிந்தபின் ராணுவம் ஏலத்தில் விட்ட அமெரிக்க வண்டி. மூக்கு நீண்டது, இரும்புச் சட்டத்தின் மேல் நம்மூர் ஆசாரிகள் வேங்கை மரத்தில் கட்டிய பெட்டி. அந்த வண்டியின் விசேஷம், ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் சாலையின் இடது பக்கம் போகிற வண்டிக்கு இடது பக்கமே டிரைவர் உட்கார்ந்தால், அவருக்கு ஓரத்து வாய்க்காலும் வேலிச்செடியும் நன்றாகத் தெரியும், வலது பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. அந்தக் காலத்தில் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டித்தான் சைகை காட்ட வேண்டும். இந்த வண்டியில் டிரைவர் கை நீட்டினால் வேலிச்செடிதான் பார்க்கும்.

அதனால் வலது பக்க இருக்கையில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் காதர் மைதீன். தென்காசிக்காரர், நாற்பது தாண்டியவர். கிளீனர் என்று அவரைச் சொன்னால் கோபம் வரும், "ரைட்டு காதர்" என்று சொன்னால் சிரிப்பார். பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதும், போகவிடுவதும், நிறுத்துவதும், திரும்பப்போகிறோம் என்று சொல்வதும் அவர் கைதான். உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி அமுக்கினால் பின்னால் இரு என்று அர்த்தம். பின்வண்டி நின்றதும், போகிற போக்கில் கூரைத் தகரத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் கையை உள்ளே எடுப்பார். பின்னால் நின்றவருக்கு அது நன்றி, உள்ளே டிரைவருக்கு அது திருப்பலாம் என்ற உத்தரவு. செங்கோட்டைச் சாலையில் பஸ் ஓட்டியவர்களுக்கெல்லாம் அந்தக் கை பழக்கம். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

டிரைவர் சண்முகவேல், ஐம்பதை நெருங்கியவர். யுத்தத்தின்போது ராணுவத்தில் இந்த மாதிரி வண்டியில்தான் ஓட்டக் கற்றார். யுத்தம் முடிந்து வந்ததிலிருந்து அவரும் காதரும் ஒரே வண்டிதான். ஆனி மாதம் காதர் காய்ச்சலில் விழுந்து, எழாமலே போய்விட்டார். விபத்து ஒன்றும் இல்லை. வீட்டில், பாயில், பிள்ளைகள் பக்கத்தில் இருக்க நடந்த சாவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரோட்டில் அடிபட்டவர் என்று நீங்களாக ஒரு கதை கட்டிவிடக் கூடாது.

அதற்குப் பிறகு வண்டி ஒழுங்காக ஓடவில்லை. முதலாளி வேறு ஆளை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முதல் நாளே புது ஆள் தூங்கி வழிந்தான். இரண்டாவது ஆள் போகலாம் என்று சொன்ன இடத்தில் எதிரே மாட்டுவண்டி வந்தது. சண்முகவேல் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். "எனக்கு அந்தப் பக்கம் கண்ணு அவிஞ்சு போச்சு முதலாளி" என்றாராம். அதோடு வண்டி கொட்டகையில் முடங்க, தோப்பில் தேங்காய் குவிந்துகிடந்தது. சிவகிரியிலிருந்து ஒருவர் வண்டியைப் பிரித்து உதிரியாக விற்க வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டி போனால் சண்முகவேலும் போனமாதிரிதான். வலது பக்க ஸ்டியரிங் அவருக்குப் பழக்கமில்லை. அந்த வயதில் புதிதாகப் பழக்கிக் கொடுத்து யார் வேலை தருவார்கள்? வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்கள் வேறு.

அந்த நேரத்தில்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டார். திருநெல்வேலியில் புதுசாக மினுக்கு விளக்கு விற்கிறார்களாம், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, சுவிட்சைத் தட்டினால் அணைந்து அணைந்து எரியுமாம், மாட்ட முடியுமா என்று கேட்டார்.

"முடியும் முதலாளி. ஆனா இது பழைய வண்டி, ஆறு வோல்ட்டு. கடையில குடுக்கிற பல்பு பன்னெண்டு வோல்ட்டு. பல்பையும் டப்பாவையும் வேற பாக்கணும்."

"பாரும்வே. வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிரும். மெசினு கைய காட்டுதுன்னா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா சிவகிரிக்காரன் வந்து பிரிச்சு அள்ளிக்கிட்டுப் போகட்டும்."

சண்முகவேல் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.  நான் வெளியே வரும்போது, "விளக்கு பின்னால பாக்குமா தம்பி?" என்றார்.

"பாக்காது அண்ணாச்சி. காட்டும்."

"அதான் கேட்டேன்."

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்குப் புரியாது. ஒரு பல்புக்கு இரண்டு வழி வேண்டும், மின்சாரம் வருகிற வழி ஒன்று, திரும்புகிற வழி ஒன்று. வருவதற்குக் கம்பி இழுப்போம். திரும்புவதற்கு வண்டியின் இரும்பே போதும். அதைத்தான் எர்த் என்பது. முன்விளக்குகளை இரும்பு மட்கார்டில் முடுக்கினேன். பின்விளக்குகளைப் பெட்டியின் கடைசிக் கட்டையில், பட்டைத் தகடு வைத்து முடுக்கினேன். சுவிட்சுக்கும் விளக்குகளுக்கும் நடுவே ஒரு சின்ன டப்பா. அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பி சூடாகி நீண்டு, குளிர்ந்து சுருங்கி, விளக்கை அணைத்தும் ஏற்றியும் வைக்கும். அப்போது டிக் டிக் என்று சத்தம் வரும். முன்பல்பு, பின்பல்பு இரண்டும் சேர்ந்து மின்சாரம் இழுத்தால்தான் அந்தக் கம்பி போதுமான அளவு சூடாகும். ஒரு பல்பு எரியாவிட்டால் டிக் டிக் வராது, மற்ற பல்பு சும்மா நின்று எரியும். இது டப்பாவின் குணம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பிற்பகல் நாலு விளக்கும் கொட்டகையில் மிக அழகாக எரிந்தன. முதலாளி சின்னப்பிள்ளை போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏ சம்முவம், இங்கன வந்து பாருலே, கண்ணடிக்குதுலே!" என்று கூப்பிட்டார். சண்முகவேல் வந்து பார்த்தார். 

தேங்காய் ஏற்றினார்கள். செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். முதலாளி வைத்த பரீட்சை அதுதான். முதல் ஓட்டத்தில் கம்பி எங்கேயாவது உரசினால் பார்க்க ஆள் வேண்டும் என்று நானும் ஏறப்போனேன். சண்முகவேல் வழியை மறித்தார்.

"எங்கன ஏறுதிய?"

"முன்னாலதான் அண்ணாச்சி. டப்பா அங்கதான இருக்கு."

அவர் அந்த வலது இருக்கையைப் பார்த்தார். சாக்கு விரித்த சாதாரண இருக்கை. பிறகு, "உக்காருங்க. ஆனா ஒண்ணு. கைய மட்டும் வெளிய நீட்டிராதீய. தெரியாமக்கூட நீட்டப்பிடாது. அந்தப் பக்கத்துல இன்னொருத்தன் கை வர வேண்டாம்" என்றார்.

நீட்டுவதற்கு வழியும் இல்லை. அந்தக் கதவின் கண்ணாடியை இறக்குகிற கைப்பிடி எப்போதோ முறிந்துபோயிருந்தது. காதர் இருந்தவரை கண்ணாடியைக் கீழே இறக்கியே வைத்திருப்பார், மழையானாலும். அவருக்குப் பிறகு யாரோ கண்ணாடியை மேலே தள்ளி, விழாமலிருக்கக் கதவு இடுக்கில் ஒரு மரச்சக்கையை அடித்துவைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. சண்முகவேல் மாட்டுவண்டிக்குப் போட்டியாக ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சண்முகவேல் நிமிடத்துக்கொரு தரம் "பின்னால என்ன வருது?" என்று கேட்டார். கண்ணாடியெல்லாம் சாரல் அப்பியிருந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணும் வரல" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஸ்டேஷனுக்குள் இடது பக்கம் திரும்பும்போது சுவிட்சைத் தட்டினார். டிக் டிக் எனக்குக் கேட்கவில்லை. என்ஜின் இரைச்சல், கூரையில் மழை, அதனால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனம் கேளாமல், தேங்காய் இறக்கும்போது இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். பின்கதவைத் திறந்து தொங்கவிட்டிருந்தார்கள். விளக்குகள் இரண்டு பக்கமும் ஒழுங்காக மினுக்கின. திருப்தியாக வந்து ஏறினேன். பின்கதவைத் தூக்கி மாட்டிச் சங்கிலியை மடக்கிப் போட்டுவிட்டு, வண்டியைத் தட்டி அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது வானம் இறங்கிவிட்டது. ஆடிச் சாரல் எப்படி என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மழை என்று குடை பிடித்தால் நின்றுவிடும், குடையை மடக்கினால் நனைத்துவிடும். பொழுது இருந்தது, ஆனால் வீடுகளில் விளக்கு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். முதலாளியின் கொட்டகை சாலைக்கு வலது பக்கம். சாலையை முழுக்கக் குறுக்கே வெட்டி, ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே திரும்ப வேண்டும்.

வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே சண்முகவேல் வேகத்தைக் குறைத்தார்.  சுவிட்சைத் தட்டினார்.

டிக், டிக், டிக், டிக்.

அவ்வளவு தெளிவாகக் கேட்டது. இரைச்சலும் மழையும் அப்போதும் இருந்தன. நிதானமாக, சீராக, நல்ல கடிகாரம்போல. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்தீர்களா அண்ணாச்சி என்று சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். அவர் திருப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. திருப்ப மாட்டார், வாசலைத் தாண்டிப் போய்விடுவார், அவ்வளவுதான், நாளைக்குச் சிவகிரிக்காரர் வந்து பிரித்துவிடுவார் என்று நினைத்தேன்.

கூரையில் இரண்டு தட்டு விழுந்தது. என் தலைக்கு நேர் மேலே.

உடனே சண்முகவேல் வண்டியை ஒடித்துத் திருப்பினார். என்னைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. பாலம் கடகடத்தது, வண்டி நேராகக் கொட்டகைக் கூரைக்குள் போய் நின்றது. பின்னால் சாலையில் பெரிய பிரேக்குச் சத்தமும் பல பேர் ஒன்றாகக் கத்துவதும் கேட்டன.

"நீ தட்டினியா தம்பி?" முதல் தடவையாக என்னை ஒருமையில் கேட்டார்.

"இல்லண்ணாச்சி. மரத்துத் தண்ணி சொட்டியிருக்கும்."

அவர் என்ஜினை அணைத்தார்.

கதவைத் திறந்து இறங்கினேன். வாசலுக்கு வெளியே சாலையின் வலது பாதியில் ஒரு பஸ் நின்றிருந்தது. செங்கோட்டையில் ரயிலிறங்கிக் குற்றாலத்துக்குக் குளிக்கப்போகிற கூட்டம் அதில். "எந்தா, எந்தா?" என்று ஒரு மலையாளக் குரல், "ஏ டிரைவரு, நடு ரோட்டுலயா குளிக்க வச்சிருவீரு?" என்று இன்னொரு குரல். பஸ் டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"காதர் பாய்! ஓய் காதர் பாய்! இன்னைக்கு உம்ம கையாலதான்வே பொழச்சோம்!"

அவர் பெயர் பேச்சிமுத்து என்று பிறகு தெரிந்தது. நேராக வலது பக்கக் கதவுக்கு வந்தவர், அங்கே என்னைப் பார்த்து நின்றார்.

"பாய் எங்க?"

முதலாளி குடையோடு வந்தார். "என்னவே விசயம்? எதுக்குப் பஸ்ஸ இங்கன போட்டீரு?"

"நான் எங்க மொதலாளி போட்டேன்? லாரி ஊர்ந்துக்கிட்டுப் போச்சு. விளக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. சரி, நிக்கப் போறாங்கன்னு வலது பக்கம் ஏறிட்டேன். பாதி வண்டி ஏறியாச்சு. டக்குனு கை வந்துச்சு பாத்துக்கிடுங்க. அமுக்கி, அமுக்கி, இருலே இருலேங்குது. ஏறி மிதிச்சேன். எப்பவும்போல மேல ரெண்டு தட்டு தட்டிட்டு உள்ள எடுத்துக்கிட்டாரு. கை வரலேன்னா இந்தக் கதவுல கொண்டுபோயி வச்சிருப்பேன்."

இந்தக் கதவு என்று அவர் தட்டிக் காட்டியது நான் சாய்ந்து உட்கார்ந்திருந்த கதவு.

 சண்முகவேல் இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"நீ இந்தப் பக்கம் வந்து நாளாச்சோ பேச்சி?"

"பாபநாசம் ரூட்டுல போட்டுட்டான் அண்ணாச்சி. இன்னைக்குக் காலையிலதான் திரும்ப இங்க."

"காதர் போயிட்டாருலே. ஆனி மாசம்."

பேச்சிமுத்துவின் கை தானாகத் தலைத் துண்டை உருவியது. வண்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அப்ப நீங்கதான் கை காட்டினியளோ?"

"இல்லீங்க. கண்ணாடி ஏத்தியிருக்கு. இறங்காது. பாருங்க."

அவர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கீழே அமுக்கினார், அசையவில்லை. மரச்சக்கையைத் தொட்டுப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. வெளியே கண்டக்டர் விசிலை ஊதி ஊதிக் கூப்பிட்டார். "யாரு காட்டினா என்ன, கை வந்துச்சு" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தகரக் கூரையை ஒரு தரம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினார்.

முதலாளிதான் முதலில் தெளிந்தார். "அதென்ன விளக்கு இல்லேங்கான் அவன்? போடுலே சம்முவம் சுவிட்ச."

போட்டார். முன்விளக்கு எரிந்தது, மினுக்கவில்லை, சும்மா நின்று எரிந்தது. பின்விளக்கு இருண்டு கிடந்தது. டிக் டிக் இல்லை. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், பல்பை மாற்றிப் பார்த்தேன். கொட்டகை ஆள் ஒருவர் வந்து பின்கதவைத் திறந்து தொங்கவிட்டதும் பளிச்சென்று எரிந்து மினுக்கத் தொடங்கியது. அப்போதுதான் விளங்கியது. பெட்டி முழுக்க மரம். மரத்தில் முடுக்கிய விளக்குக்குத் திரும்பும் வழியே இல்லை. பின்கதவு திறந்து தொங்கும்போது அதன் இரும்புச் சங்கிலி ஒரு பக்கம் விளக்குத் தகட்டையும் மறுபக்கம் அடிச்சட்டத்தையும் தொட்டு வழி கொடுத்திருக்கிறது. நான் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் கதவு திறந்திருந்தது. ரோட்டில் போனபோதெல்லாம் மூடியிருந்தது. போகவர முழுதும் பின்விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. ஆனால் ஒரு கணக்கு இடித்தது. பின்பல்பு எரியாவிட்டால் டப்பா டிக் டிக் என்று சொல்லாது. அந்த வாசலில், அந்த ஒரு திருப்பத்தில், அது சொன்னது. பின்பல்பு இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று அளவாக மின்சாரம் இழுத்திருக்கிறது. நனைந்த மரம் இழுக்குமா என்று மறுநாள் ஒரு வேங்கைப் பலகையைத் தொட்டியில் ஊறவைத்துச் சோதித்தேன். மீட்டர் முள் அசையவில்லை. மரத்துத் தண்ணீர் என்றேனே, அந்த இடத்துக்கும் போய்ப் பார்த்தேன். சாலைக்கு மேலே கிளை எதுவும் இல்லை. தென்னைகள் எல்லாம் வேலிக்கு உள்ளே தள்ளி நிற்கின்றன.

அன்று கொட்டகையில் முதலாளி கேட்டார்: "இப்ப என்னல செய்ய? விளக்கு எரியலியே. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா."

"வித்தா வித்துக்கிடுங்க மொதலாளி" என்றார் சண்முகவேல். குரலில் வருத்தம் இல்லை. "ஆனா இனி நான் ஓட்டுவேன். அந்தப் பக்கம் இருட்டா இல்ல."

முதலாளி அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ரேடியோக்காரரே, அந்த எர்த்து கம்பியோ என்ன எழவோ, அத இப்பமே இழுத்து விடும்" என்றார். சிவகிரிக்காரர் மறுநாள் காலையில் வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

பின்விளக்குகளுக்குத் தனியாக எர்த் இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவை பழுதானதே இல்லை. சண்முகவேல் அந்த வண்டியைப் பல வருடம் ஓட்டினார், பெண்களைக் கட்டிக்கொடுத்தார். வலது இருக்கையில் ஆள் ஏற்றவில்லை, சாக்குக் கட்டுத்தான் போகும். ஒரு தரம் பாட்டரி சார்ஜ் செய்ய வந்தபோது மெதுவாகக் கேட்டேன்: "அதுக்கப்புறம் எப்பவாவது தட்டுச் சத்தம் கேட்டுச்சா அண்ணாச்சி?"

"எதுக்குக் கேக்கும்? அதான் விளக்கு எரியுதுல்லா" என்றார்.

ஒன்றை இதுவரை சொல்லவில்லை. அன்று பின்விளக்கைச் சோதிக்க நான் கம்பியை எடுத்தபோது முதலாளி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "வே, கைய தொடச்சுக்கிட்டு கரண்ட தொடும். தண்ணி சொட்டுது பாரும்." பார்த்தேன். என் வலது சட்டைக் கை தோள்வரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடது கை உலர்ந்து இருந்தது. மார்பும் மடியும் உலர்ந்திருந்தன. நான் கொட்டகைக் கூரைக்குக் கீழேதான் இறங்கினேன். கதவு ஒழுகியிருக்கும் என்று மறுநாள் வண்டியை நிறுத்திக் குடம் குடமாகக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகியது உண்மைதான், ஆனால் முழங்காலில். அந்தத் திருப்பத்தில் என் வலது கை எங்கே இருந்தது என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். மடியில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் யோசிப்பேன். மழை நாளில் பஸ்ஸில் வலது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் இன்றைக்கும் நான் கைகளைக் கட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன்.

காதர் மைதீன் எப்போதும் காக்கி அரைக்கைச் சட்டை போடுவார், நீட்டினால் முழங்கைக்குக் கீழே வெறும் கை. நான் அன்று போட்டிருந்தது வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பித்தான் போட்டது. பேச்சிமுத்து பார்த்த கையில் துணி இருந்ததா, இல்லையா? அன்று அவர் எதிரே நின்றபோது அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோன்றிய பிறகு தேடிப்போனேன். அவர் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள், ராஜபாளையம் பக்கம் லாரி ஓட்டுகிறார் என்று ஒருவரும், கொல்லத்தில் இருக்கிறார் என்று இன்னொருவரும் சொன்னார்கள். இரண்டு இடத்துக்கும் போனேன், ஆள் கிடைக்கவில்லை. ஆகவே அந்தக் கை யாருடையது என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.